அஞ்சரைக் கட்டை

தம்பி, காதுல மாட்டியிருக்கீங்களே, அதைக் கொஞ்சம் கழட்டுறீங்களா? கோவிச்சுக்கிடாதீங்க. சத்தம் வெளிய கசியுது. இடைஞ்சல்னு சொல்லலை. நல்ல பாட்டுத்தான். மோகனம். சினிமாக்காரங்க நடுவுல ஒரு இடத்துல வேற ஸ்வரத்தைத் தொட்டுட்டு ஓடியாந்துட்டாங்க, ஆனாலும் மோகனம்தான். இந்த பஸ் போடுற இரைச்சல்ல எப்படிக் கண்டுபிடிச்சேன்னு பாக்கறீங்க. எனக்குச் சொத்து அது ஒண்ணுதான் தம்பி. காது. ஆண்டவன் தொண்டையைக் கொடுக்கலை, காதைக் கொடுத்தான்.

நீங்க எதுவரைக்கும்? கோவில்பட்டியா. நான் திருநெல்வேலி போய், அங்க இருந்து அம்பாசமுத்திரம். என் சம்சாரம் அங்க தங்கச்சி வீட்டுல இருக்கா. கூட்டிட்டு வரப் போறேன்.

என் பேரு குற்றாலிங்கம். மதுரையில ஒரு காலேஜ்ல முப்பத்திரண்டு வருஷம் பிசிக்ஸ் சொல்லிக்கொடுத்தேன். ஆனா என்னை யாரும் பிசிக்ஸ் வாத்தியார்னு சொல்ல மாட்டாங்க. 'கேக்கத் தெரிஞ்சு கேப்போம்' குற்றாலிங்கம்னுதான் சொல்லுவாங்க. அதுதான் என் நிகழ்ச்சியோட பேரு. மாசத்துல ரெண்டாவது ஞாயித்துக்கிழமை, ஒவ்வொரு மாசம் ஒவ்வொரு ஊரு. கர்நாடக சங்கீதம்னாலே மிரண்டு ஓடுற ஜனங்களுக்கு அதை எப்படிக் கேக்கறதுன்னு சொல்லிக்கொடுக்கறது. மில் ஆபீசர்ங்க, வாத்தியாரம்மாக்கள், பட்டாசு வியாபாரிங்க, யாரு வேணா வரலாம். பதினோரு வருஷம் நடத்தினேன்.

ஒரு கீர்த்தனையை எப்படிச் சொல்லுவேன் தெரியுமா? அது ஒரு வீடு. பல்லவி வாசல். திரும்பத் திரும்ப அங்கதான் வந்து நிப்பீங்க. அனுபல்லவி மாடி, குரல் மேல ஏறும். சரணம் உள்கட்டு, அங்கதான் வீட்டுக்காரன் யாருன்னு தெரியும். தியாகராஜர் சாமிகிட்ட வீட்டு மனுஷன்கிட்ட மாதிரி சண்டை போடுவார். தீட்சிதர் பாட்டு கோயில் யானை நடக்கிற நடை, அவசரப்படுத்த முடியாது. சியாமா சாஸ்திரி பாட்டுல ஒரு பிள்ளை அம்மாவைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கும். இப்படிச் சொன்னா யாருக்குத்தான் புரியாது?

நான் சொல்லுவேன், வடிவு பாடிக் காட்டுவா. என் சம்சாரம் பேரு வடிவாம்பாள். இசைக் கல்லூரியில படிச்சவ, முதல் வகுப்பு. ரேடியோவுல குரல் தேர்வுக்குக் கூப்பிட்டுக் கடுதாசி வந்திருந்தது. அதே வாரம்தான் எங்க கல்யாணம். நான் போக வேண்டாம்னு சொல்லலை, பாத்துக்கிடுங்க. தேதி ஒத்துவரலை, அவ்வளவுதான்.

குரல்னா அது குரல். அஞ்சரைக் கட்டை. கட்டைன்னா ஆர்மோனியத்துல அமுக்குவோம்லா, அந்தக் கட்டை. பாடறவங்க ஒவ்வொருத்தரும் அதுல ஒரு கட்டையை ஆதார சுருதியா வச்சுக்கிடுவாங்க. அவங்க ஸ அங்க இருக்கும். வடிவோட ஸ அஞ்சரையில. பிசிக்ஸ்காரன் கணக்குல சொன்னா, வினாடிக்கு இருநூத்தி ஏழு அதிர்வு. அங்க அவ ஸ பிடிச்சான்னா சுவத்துல ஆணி அடிச்ச மாதிரி நிக்கும்.

மேடையில நான் 'வடிவு, கல்யாணி'ம்பேன். அவ ஆரம்பிப்பா. ஒரு இருபது வினாடி, முப்பது வினாடி. நான் கையைத் தூக்குவேன். நிறுத்திருவா. எவ்வளவு உச்சத்துல இருந்தாலும் என் கை எழும்பினா குரல் நிக்கும். அந்த ஒழுங்கைப் பாத்துட்டு ஒரு சபாக் காரியதரிசி அசந்து போயிட்டார். சிவகாசியில மட்டும் ஒரு வாத்தியாரம்மா எந்திரிச்சு, 'ஐயா, அந்த அம்மாவை ஒரு பாட்டு முழுசாப் பாடச் சொல்லுங்களேன்'னு கேட்டாங்க. நான் சொன்னேன், கடிகாரத்தைத் திறந்து காட்டறவன்கிட்ட மணி என்னன்னு கேக்கக்கூடாதும்மான்னு. சபை பூரா சிரிச்சாங்க.

எல்லாம் நல்லாத்தான் போயிட்டிருந்தது. போன வருஷம் ஜூன் மாசம், ரெண்டாவது ஞாயிறு, விருதுநகர். கல்யாணியில மேல் ஸட்ஜம், அதான் மேல் ஸ, பிடிக்கிறா. ஒரு மயிரிழை கீழ. யாருக்கும் தெரியலை. முன் வரிசையில வயலின்காரர் ஒருத்தர் இருந்தார், அவருக்கே தெரியலை. எனக்குத் தெரிஞ்சுட்டு.

பஸ்ல திரும்பி வரும்போது சொன்னேன். தொண்டையில என்னமோ ஒட்டிக்கிட்டிருக்க மாதிரி இருக்குன்னா. சாதகம் குறைஞ்சு போச்சுன்னேன். உண்மைதான், மக பிரசவத்துக்கு பெங்களூர் போயிட்டு வந்ததுல இருந்து அவ சரியாப் பாடலை. காலையில அரைமணி நேரம் அகாரம் பாடுவா. வாயைத் திறந்து ஆன்னு ஒவ்வொரு ஸ்வரமா நீட்டிப் பிடிக்கிறது. அதை ஒன்றரை மணி நேரம் ஆக்கினேன். நானும் கூடவே உக்காந்திருந்தேன் தம்பி. ஒரு நாள்கூட அவளைத் தனியா விடலை.

ஜூலை, ராஜபாளையம். சோத்துல மண் விழுந்த மாதிரி குரல்ல ஒரு நரநரப்பு. ஆகஸ்ட், தேனி. மேல் ஸட்ஜத்துக்குப் போறதுக்கு முன்னாடி மூச்சு வாங்குறா. எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதி வச்சேன். தேதி, ஊரு, ராகம், எந்த இடம், எவ்வளவு விலகல். ஆராய்ச்சிக்காரன் புத்தி. எழுதி வைக்காதது நடக்காததுன்னு பிள்ளைங்களுக்குச் சொல்லுவேன்.

செப்டம்பர்ல ஒரு நாள் காலையில, சாதகத்துக்கு உக்காரும்போது கேட்டா.

"சுருதியை ஒரு அரைக் கட்டை இறக்கிக்கிடட்டுமா?"

"எதுக்கு?"

"மேல போக முடியலை. வலிக்குது."

இறக்கிப் பழகிட்டா ஏத்த முடியாதுன்னு சொல்லிட்டேன். தப்பா சொன்னேன்? எத்தனை பாடகிங்க அப்படி இறங்கி இறங்கி நாலு கட்டையில வந்து நிக்கிறாங்க. இவளும் அப்படி ஆயிரக்கூடாதுங்கிற அக்கறைதான். அவ அஞ்சரையிலயே பாடினா.

அக்டோபர்ல காது வலிக்குதுன்னா. இடது காது. காது என் டிபார்ட்மென்ட்டு, நீ தொண்டையைப் பாருன்னு சிரிச்சேன். மிளகு கஷாயம், சுக்கு, தேன், சித்தரத்தை எல்லாம் வாங்கிக் கொடுத்தேன். சித்தரத்தையை மட்டும் நாலு கடை அலைஞ்சு வாங்கினேன்.

டாக்டர்கிட்ட காட்டலையான்னு கேக்கறீங்க. எல்லாரும் இதைத்தான் கேக்கறாங்க. இவ தங்கச்சி பிரமநாயகி, பிரமுன்னு கூப்பிடுவோம், அவ அப்பவே போன் பண்ணினா. 'அத்தான், அக்கா பேசுறதே சரியில்லை, ஒரு காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட காட்டுங்க'ன்னா. நான் சொன்னேன், பாடறவ தொண்டையைச் சங்கீதம் தெரியாத டாக்டர்கிட்ட காட்டக்கூடாது, பேசாம இரு, பாடாம இருன்னு ரெண்டு மாசம் கட்டிப் போட்டுருவான், அதோட எல்லாம் போச்சுன்னு. நிகழ்ச்சிக்கு வேற மாசாமாசம் ஊருங்க ஒத்துக்கிட்டாச்சு.

டிசம்பர்ல காரைக்குடி. வருஷக் கடைசி நிகழ்ச்சி. முந்நூறு பேர் இருக்கும், நின்னுகிட்டுக் கேக்கறாங்க. அன்னைக்குத் தலைப்பு கமகம். ஸ்வரத்தை அப்படியே வச்சா கல்லு, அசைச்சாத்தான் உயிருன்னு சொல்லிட்டு, 'வடிவு, பைரவி'ன்னேன். ஆரம்பிச்சா. நாலாவது பிடியில குரல் ரெண்டாக் கிழிஞ்சு போச்சு. பழைய வேட்டியைக் கிழிப்போம்லா, அந்தச் சத்தம்.

வகுப்பு, மேடைன்னு முப்பது வருஷத்துக்கு மேல நின்னு பேசினவன் நான். சமாளிக்கத் தெரியாதா? உடனே மைக்கைப் பிடிச்சு, 'பாத்தீங்களா, இதுக்குப் பேருதான் அபஸ்வரம். நல்ல ஸ்வரத்தைத் தெரிஞ்சுக்கிடணும்னா இதையும் தெரிஞ்சுக்கிடணும்'னேன். எல்லாரும் சிரிச்சாங்க. வேணும்னே பாடிக் காட்டினான்னு நினைச்சாங்க. வடிவும் சிரிச்சா. பக்கத்துல இருந்து பாத்தேன், சிரிச்சா. 'இப்ப சரியானதைப் பாடு'ன்னேன். மறுபடி எடுத்தா. மறுபடி அதே இடத்துல கிழிஞ்சுது. 'இதுவும் அதுதான்'னேன். அதுக்கும் சிரிச்சாங்க.

ஏன் தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிட்டீங்க? வெயில் அடிக்குதா? திரையை இழுத்து விடுங்க.

ஜனவரியில பொங்கல் கழிஞ்சு நாலாவது நாள். இட்லி சாப்பிட்டுக்கிட்டிருக்கா. இருமினா. முந்தானையை வாயில வச்சு எடுத்தா ரத்தம். அன்னைக்கே கூட்டிட்டுப் போனேன். ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கலை.

டாக்டர் ஒரு பொம்பளைப் பிள்ளை, நாப்பது வயசுகூட இருக்காது. மூக்கு வழியா ஒரு குழாயை விட்டுப் பாத்துச்சு. பாத்துட்டு வடிவுகிட்டக் கேட்டுச்சு.

"குரல் மாறி எவ்வளவு நாளாச்சும்மா?"

வடிவு வாயைத் திறந்தா. அவளுக்கு என்ன தேதியா ஞாபகம் இருக்கும்? நான் சொன்னேன்: "ஜூன் ரெண்டாம் ஞாயிறு, விருதுநகர்ல, சாயங்காலம் ஆறே முக்காலுக்கு." நோட்டைக் கையோட கொண்டு போயிருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். டாக்டருக்கு உதவியா இருக்கும்லா. அந்தப் பிள்ளை ஒவ்வொரு பக்கமா புரட்டிச்சு. ரொம்ப நேரம் புரட்டிச்சு.

"ஏழு மாசம் முன்னாடியே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

"முதல் நாளே தெரியும் டாக்டர். வேற யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

அந்தப் பிள்ளை பேனாவை மூடி வச்சுது. அசந்து போச்சுன்னுதான் நினைக்கிறேன். அப்புறம் நோட்டை என்கிட்டக் கொடுக்காம வடிவு பக்கமா நகர்த்திச்சு. வடிவு அதுவரைக்கும் அந்த நோட்டைப் பாத்ததில்லை. வெளிய பெஞ்சுல உக்காந்து, முதல் பக்கத்துல இருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சா. ஸ்கேனுக்குப் பேரு கூப்பிடுறாங்க, காதுல விழலை அவளுக்கு. நான்தான் தோளைத் தொட்டு எழுப்பினேன். என் கையெழுத்து கொஞ்சம் பொடியா இருக்கும், அதான் நேரம் ஆச்சு.

குரல்வளையில கட்டி. புற்று. முதல் ரெண்டு மூணு மாசத்துல வந்திருந்தா கதிர் வச்சே பாத்திருக்கலாம், குரலும் தப்பிச்சிருக்கும்னு சொல்லிச்சு. இப்ப பரவிட்டுது, குரல்வளையையே எடுக்கணும்னுச்சு. டாக்டருங்க எல்லாருமே இப்படித்தான் தம்பி. 'முன்னாடியே வந்திருந்தா'ன்னு சொல்லாத டாக்டர் உண்டா? எனக்கு வருத்தம் வடிவு மேலதான். ஒரு தடவை அழுத்திச் சொல்லியிருக்கலாம். ஒட்டிக்கிட்டிருக்கு, வலிக்குதுன்னு மெல்ல மெல்லச் சொன்னா யாருக்குத் தெரியும்? நான் ஸ்வரத்தைக் கேக்கறவன். பேச்சைக் கேக்கறவன் இல்லை.

ஆபரேஷனுக்கு முந்தின நாள், சாயங்காலம் நாலு மணி. ஆஸ்பத்திரி ரூமுக்குப் பிரமு வந்திருந்தா. வடிவு என்னைப் பாத்து, கொஞ்சம் வெளிய இருங்கன்னா. எதுக்குன்னேன். பாடப் போறேன்னா. சரி, பாடு, நான் இங்க நாற்காலியில இருக்கேன்னேன். தலையை ஆட்டினா, வேண்டாம்னு. பிரமு எந்திரிச்சு வந்து கதவைத் திறந்து பிடிச்சுக்கிட்டு நின்னா. வேற வழியில்லாம வெளிய வந்தேன்.

சகானா. ஆலாபனை இல்லை, எடுத்த எடுப்புலயே பல்லவி. சுருதிப் பெட்டி இல்லாம, ஒண்ணும் இல்லாம. நாலு கட்டைதான் இருக்கும். குரலே இல்லை, காத்துத்தான் வருது. ஆனா பல்லவி முடிஞ்சு அனுபல்லவி, அனுபல்லவி முடிஞ்சு சரணம், சரணம் முடிஞ்சு திரும்பப் பல்லவி. ஒன்பது நிமிஷம். வராந்தாவுல போன நர்ஸு ஒண்ணு நின்னுட்டுது. தூக்குச்சட்டியோட ஒரு அம்மா நின்னுட்டாங்க. நான் கதவுல கையை வச்சுக்கிட்டு நின்னேன். மூணு இடத்துல சுருதி விலகிச்சு. அதை நான் எழுதலை, பாத்துக்கிடுங்க. நோட்டு பையில இருந்தது, பேனா இருந்தது. எழுதலை.

முடிஞ்ச பிறகு ரொம்ப நேரம் கழிச்சுத்தான் பிரமு கதவைத் திறந்தா.

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. இப்ப கழுத்துல இங்க, இந்தக் குழியில, ஒரு துவாரம். மூச்சு அது வழியாத்தான். உயிருக்கு ஆபத்தில்லைன்னு சொல்லிட்டாங்க. ரெண்டு மாசம் சிலேட்டுல எழுதிக் காட்டினா. அப்புறம் நான்தான் விசாரிச்சு ஒரு மிஷின் வாங்கினேன். டார்ச் லைட்டு மாதிரி இருக்கும். தாடைக்குக் கீழ வச்சு அமுக்கி, வாயை அசைச்சா பேச்சு வரும். வண்டு ரீங்காரம் போடுற மாதிரி ஒரு சத்தம், அதையே வாய் பேச்சா ஆக்கிரும். ஏத்த இறக்கம் கிடையாது. எல்லா எழுத்தும் ஒரே ஸ்வரம்.

அந்த ஸ்வரத்தை மாத்தலாம்னு அதுல போட்டிருந்தது. மூடியைக் கழட்டினா உள்ள ஒரு குட்டித் திருகு. கடைக்காரன் ஏதோ ஆம்பளைக் குரல்ல வச்சுக் கொடுத்திருந்தான். எனக்கு மனசு கேக்கலை. ஒரு பகல் பூரா உக்காந்து, திருகித் திருகி, அதிர்வு அளக்கிற மானி வச்சு அளந்து, இருநூத்தி ஏழுல நிறுத்தினேன். அஞ்சரைக் கட்டை. அவளோட ஸ. சொன்னா நம்ப மாட்டீங்க, அது சரியா வந்து நின்னப்ப எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு. ஜூன் மாசத்துக்கு அப்புறம் அப்பத்தான் அந்தச் சுருதியை மயிரிழை பிசகாம கேக்கறேன்.

கொண்டு போய் அவ கையில கொடுத்தேன். கழுத்துல வச்சா. என்னையே பாத்துக்கிட்டுப் பேசினா.

"நான் பிரமு வீட்டுக்குப் போறேன்."

"சுருதி சரியா இருக்கு"ன்னேன்.

அதுதான் முதல்ல தோணிச்சு. என்ன சொன்னாங்கிறது அப்புறம்தான் மண்டையில ஏறிச்சு. மிஷினை அணைச்சுப் பையில போட்டா. மறுநாள் காலையில பிரமு கார் கொண்டுட்டு வந்துட்டா.

வீட்டுல சத்தமே இல்லை தம்பி. குக்கர் விசில் எத்தனை கட்டைன்னு பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். ஒரு நாள் இவ பாட்டு ஒண்ணைக் கேப்போம்னு நிகழ்ச்சி கேசட்டெல்லாம் எடுத்தேன். பதினோரு வருஷத்துப் பதிவு. நாலு நாள் உக்காந்து கேட்டேன். ஒரு பாட்டு முழுசா இல்லை. ஆரம்பிக்கிறா, மேல ஏறுறா, உடனே என் குரல் வந்துருது. எல்லா கேசட்லயும். என் குரல் நல்லாத் தெளிவா பதிவாகியிருக்கு. வாயை மூடுடான்னு எனக்கே தோணிச்சு. ஒரு தடவை தோணிச்சு. அப்புறம் நிகழ்ச்சின்னா அப்படித்தானே இருக்கும்னு சமாதானம் ஆயிட்டேன்.

அம்பாசமுத்திரத்துக்கு மூணு தடவை போயிட்டு வந்துட்டேன். பிரமு காபி கொடுப்பா. வடிவு எதிர்ல வந்து உக்காருவா. மிஷினை எடுக்க மாட்டா. சிலேட்டையும் எடுக்க மாட்டா. நான்தான் பேசிட்டு வருவேன்.

போன மாசம் போனப்ப முன்கூட்டிச் சொல்லலை. கேட்டைத் திறக்கப் போறேன், உள்ள பேச்சுச் சத்தம். மிஷின் சத்தம். பிரமுகிட்ட என்னமோ கதை சொல்லிக்கிட்டிருக்கா வடிவு. மார்க்கெட்ல எவளோ கத்திரிக்காய் பேரம் பேசின கதை. வாய் ஓயாம பேசுறா. பிரமு விழுந்து விழுந்து சிரிக்கிறா. இந்தப் பேச்சு பேசி அவளை நான் பாத்ததில்லை. நானும் சிரிச்சுக்கிட்டேதான் செருப்பைக் கழட்டினேன். அப்பத்தான் காதுல விழுந்துது. சுருதி இறங்கியிருக்கு. மூணு கட்டை. யாரோ திருகைத் திருப்பி வச்சிருக்காங்க.

என்னைப் பாத்ததும் பேச்சு நின்னுட்டு. யாரு இதைக் கெடுத்ததுன்னு கேட்டேன். பிரமு, 'அக்காதான் மாத்திக்கிட்டா அத்தான்'னா. கொடு, சரி பண்ணித் தாரேன்னு கையை நீட்டினேன். அவ மிஷினைக் கழுத்தோட சேத்து வச்சுக்கிட்டா.

"இது என் தொண்டை," அப்படின்னா. "கையை எடுங்க."

மூணு கட்டையில. ஆம்பளை மாதிரி. அந்தக் குரலைக் கேட்டதுல இருந்து ஒரு மாசமா எனக்குத் தூக்கம் சரியில்லை. அஞ்சரைக் கட்டைக்காரி மூணு கட்டையில பேசலாமா தம்பி? அவ பிடிவாதம் புரியுது, உடம்பு முடியாம போனவங்களுக்குக் கொஞ்சம் பிடிவாதம் வரும். நாமதான் பொறுத்துப் போகணும்.

அங்கங்க பேனர் தெரியுது, கோவில்பட்டி வந்துட்டு போல. உங்க பையை எடுத்துக்கிடுங்க. நான் காலை மடக்கிக்கிடறேன், போங்க.

ஒரு நிமிஷம். இங்க பாருங்க, சட்டைப் பையில. வாட்ச் ரிப்பேர்காரங்க திருகு திருப்ப வச்சிருக்கிற திருப்புளி. நான் போய்ச் சேர மத்தியானம் ரெண்டு மணி ஆயிரும். சாப்பிட்டுட்டு வடிவு ஒரு அரைமணி நேரம் கண்ணசருவா, மிஷினைத் தலைமாட்டுலதான் வைப்பா. மூடியைக் கழட்டி ஒண்ணரைத் திருகு. ரெண்டு நிமிஷ வேலை. எந்திரிச்சுப் பேசும்போது அவ குரல்லயே பேசுவா.